சளி கட்டிய மார்புக்கு நெபுலைசரில் உப்புநீர்: வீட்டில் செய்யும் முறை

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு 61 வயது. முன்பு காசநோய் வந்து மருந்தை முழுதாக முடித்தவர். இப்போது ஸ்கானில் பிரொங்கியெக்டேசிஸ், அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துபோகும் நோய், என்று வந்திருக்கிறது. காலையில் கெட்டிச் சளி, வருடத்தில் இரண்டு மூன்று தடவை காய்ச்சல், அன்ரிபயோட்டிக். கிளினிக்கில் உப்புநீர் நெபுலைசர் (மருந்தைத் துளிகளாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் இயந்திரம்) பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிலாவெளி உப்பளத்து உப்பைக் காய்ச்சி வீட்டிலேயே செய்யலாமா? உப்புவெளிக் கடற்கரையில் தினமும் நடந்தால் அதே பலன் வராதா? பிரஷர் உள்ளவருக்கு உப்பு கூடிவிடாதா?

கடைசிக் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். 7 சதவீத உப்புநீர் 4 மில்லிலீற்றரில் 280 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. இரண்டு வேளைக்கு 560 மில்லிகிராம், அதாவது 5 கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியில் ஒன்பதில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி கிண்ணத்தில் தங்கிவிடும், ஒரு பகுதி வெளிமூச்சோடு போய்விடும். மதியச் சோற்றோடு சாப்பிடும் ஒரு துண்டுக் கருவாட்டில் இதைவிட அதிக உப்பு இருக்கும். பிரஷருக்காகக் குறைக்க வேண்டியது கருவாட்டையும் ஊறுகாயையும்தான். இதயம் பலவீனமாகி உப்பையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கும் நிலையில் இருப்பவர் என்றால் மட்டும் இதையும் கணக்கில் சேர்க்கும்படி டொக்டரிடம் சொல்லுங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலில் உப்பு மார்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய நீர்ப்படலமும் அதன்மேல் சளிப்படலமும் இருக்கின்றன. நுண்ணிய மயிரிழைகள் அசைந்து அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. பிரொங்கியெக்டேசிஸில் குழாய் விரிந்து தளர்ந்துபோவதால் சளி அங்கேயே தேங்கி, நீர் வற்றி, கெட்டியாகிறது. இரத்தத்தின் உப்புச்செறிவுக்கு ஏறத்தாழச் சமமானது 0.9 சதவீதச் சேலைன். அதைவிடச் செறிந்த உப்புநீரைத் துளிகளாக உள்ளே அனுப்பினால், சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் அந்தப் பக்கம் இழுபட்டு வரும். சளி இளகும், இருமலும் தூண்டப்படும். இந்த இளக்கம் நெடுநேரம் நிற்காது. அந்த இடைவெளிக்குள் சளியை வெளியே எடுத்தாக வேண்டும். நெபுலைசரை மட்டும் பிடித்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் "ஒரு பிரயோசனமும் இல்லை" என்று ஒரு மாதத்தில் கைவிடுகிறார்கள்.

கடற்கரைக்கு வருவோம். இந்தச் சிகிச்சைக்கும் கடலுக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள இளைஞர்களில் அலைச்சறுக்குப் போகிறவர்களுக்கு மார்பு நன்றாக இருப்பதை அவுஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது: 7 சதவீத உப்புநீர் 4 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தடவை, 48 வாரங்கள். நுரையீரல் அளவீடு கொஞ்சம்தான் கூடியது, ஆனால் நோய் திடீரென மோசமாகும் தடவைகள் நன்றாகக் குறைந்தன. அந்த இளைஞர்கள் உடையும் அலைக்குள் மணிக்கணக்காக நின்று நீர்த்துளிகளை நேரே மூச்சில் இழுத்தவர்கள். மணலில் நடப்பவருக்குக் காற்றோடு போகும் உப்பு மைக்ரோகிராம் கணக்குத்தான், 280 மில்லிகிராமுக்குப் பக்கத்திலும் வராது. கடல்நீரிலேயே உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், நாம் பேசுவது அதன் இருமடங்கு. நடை வேறு வகையில் நல்லது. மூச்சு ஆழமாகும், சளி அசையும், ஆகவே நடக்கட்டும். கச்சான் காற்றில் புழுதி பறக்கும் நேரங்களை மட்டும் தவிர்த்தால் போதும். உப்புச் சுவர் கட்டிய அறையில் உட்காரவைத்துப் பணம் வாங்கும் "உப்பு அறை"ச் சிகிச்சைக்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. அது உலர்ந்த உப்புத்தூள், அளவும் தெரியாது.

நிலாவெளி உப்புக்கு நேரடியான பதில்: வேண்டாம். உப்பளத்து உப்பு சமையலுக்கு நல்லது. ஆனால் அதில் மக்னீசியமும் கல்சியமும் சிறிது மண்ணும் இருக்கும். பக்கெற் உப்பில் அயடீனும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். வயிறு இவற்றையெல்லாம் தாங்கும், புண்பட்ட மூச்சுக்குழாய் தாங்காது. அளவு இன்னொரு சிக்கல். 100 மில்லிலீற்றருக்கு 7 கிராம் வேண்டும், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வேறுவேறு எடை. 5 சதவீதமும் வரலாம், 10 சதவீதமும் வரலாம். பத்து வந்தால் மார்பு இறுகிவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கிருமி. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஆறவைக்கும் பாத்திரம், ஊற்றும் போத்தல், உறிஞ்சும் சிரிஞ்ச் என்று ஒவ்வொரு படியிலும் கிருமி திரும்பவும் ஏறும். அதைத் துளியாக்கி நுரையீரலின் அடிவரை நாமே அனுப்புகிறோம். சூடோமோனாஸ் பக்டீரியாவும் காசநோய்க் கிருமியின் தண்ணீர்வாழ் உறவுகளும் விரிந்த குழாயில் ஒருமுறை குடியேறினால் கிளப்புவது கடினம். நம் மண்ணிலும் தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமியும் இருக்கிறது. மாரியில் கிணறு நிரம்பிக் கலங்கும் காலத்தில் அந்த நோய் கூடும். நீரிழிவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்களையே அது அதிகம் பிடிக்கும். கிணற்றுநீரோ குழாய்நீரோ, கொதித்தாறியதோ போத்தலில் வாங்கியதோ, எதுவும் நெபுலைசர்க் கிண்ணத்துக்குள் மருந்தாகப் போகக்கூடாது. உப்பே இல்லாத வெறும் தண்ணீரைப் பிடித்தாலும் மூச்சுக்குழாய் சுருங்கலாம் என்பதைப் பலர் அறியாமல் "சேலைன் முடிஞ்சுது, தண்ணி விட்டம்" என்கிறார்கள். அதையும் செய்ய வேண்டாம்.

வாங்க வேண்டியது ஒரு தடவைக்கான சிறு பிளாஸ்ரிக் குப்பிகளில், பதப்படுத்தும் பொருள் சேர்க்காமல் வரும் கிருமிநீக்கிய உப்புநீர். 3, 6, 7 சதவீதங்களில் தயாரிக்கப்படுகிறது. எந்தச் செறிவு, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை வேளை என்று மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். "உப்புநீர்" என்று மட்டும் எழுதியிருந்தால் பாமசியில் 0.9 சேலைனைத்தான் எடுத்துத் தருவார்கள். நரம்பில் ஏற்றும் 3 சதவீதப் பெரிய போத்தலைத் தந்து வீட்டில் எடுத்துப் பாவிக்கச் சொன்னால், திறந்த பிறகு எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று மருந்தாளரிடமே கேளுங்கள். பதப்படுத்தும் பொருள் இல்லாத போத்தலில் தினமும் ஊசி குத்திக் குத்தி ஒரு கிழமை ஓட்டுவது கிருமி வளர்ப்பதற்குச் சமம்.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் சான்று உறுதி. அந்த நோய் நம்மிடையே அரிது. அப்பாவுக்கு இருப்பதுபோல, பழைய காசநோயோ நிமோனியாவோ விட்டுச்சென்ற பிரொங்கியெக்டேசிஸில் சான்று அவ்வளவு உறுதியில்லை. 2025இல் வெளியான கிளியர் என்ற பிரித்தானிய ஆய்வு 6 சதவீத உப்புநீரை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. நோய் திடீரென மோசமாகும் தடவைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அப்படியானால் எதற்கு? சளி கெட்டியாகி வெளியே எடுக்கச் சிரமப்படுபவருக்குச் சளி எடுப்பதை இலகுவாக்கத்தான். ஆகவே இதை ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்து பார்ப்பது நியாயம். காலைச் சளி இலகுவாக வருகிறதா, இரவு இருமல் குறைந்ததா என்று பாருங்கள். இல்லை என்றால் டொக்டரிடம் சொல்லி நிறுத்தலாம், குற்றமில்லை. சளியே அதிகம் இல்லாத, புகைத்தலால் வந்த சீஓபிடி என்ற நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முட்டு, தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 4.5 சதவீத உப்புநீரைக் கொடுத்து மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்ப்பது ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் ஒன்று. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு மூச்சுமுட்டலை வரவழைக்கும். முன்பு காசநோய் வந்தவர் என்பதால் இன்னொன்றும் முக்கியம். தொடங்கும் முன் சளியைப் பரிசோதித்து நோய் திரும்பவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். செறிந்த உப்புநீர் காசநோய்ச் சோதனைக்குச் சளி வரவழைக்கப் பாவிக்கும் முறையும்கூட. கிருமி இருக்கும் ஒருவர் அதை வீட்டு அறையில் பிடித்து இருமினால் பேரப்பிள்ளைகள்வரை பரவும்.

முதல் தடவை வீட்டில் வேண்டாம். கிளினிக்கிலோ வோர்டிலோ, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீற்றரோடு நடக்க வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் பம்பை ஸ்பேசர் (பம்பின் வாயில் மாட்டும் பிளாஸ்ரிக் கூடு) வைத்து 2 முதல் 4 தடவை அடித்து, 15 நிமிடம் விட்டு ஊதவைப்பார்கள். பிறகு உப்புநீர் கொடுத்து, முடிந்ததும் திரும்ப ஊதவைப்பார்கள். முதல் விநாடியில் ஊதும் அளவு 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தால் அந்தச் செறிவு ஒத்துவரவில்லை. உதாரணமாக, முன்பு 1.40 லீற்றர் ஊதியவர் பின்பு 1.19க்கோ அதற்குக் கீழேயோ போனால் நிறுத்த வேண்டும். அளவு குறையாவிட்டாலும் மார்பு இறுகினால், விசில் சத்தம் வந்தால், ஒட்சிசன் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அதுவும் தோல்விதான். தொடக்கத்திலேயே 1 லீற்றருக்குக் குறைவாக ஊதுகிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒத்துவராதவர்களுக்குக் கதவு மூடிவிடாது. 3 சதவீதத்தில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டலாம். 7 சதவீதத்தில் 2 மில்லிலீற்றரோடு 0.9 சேலைன் 2 மில்லிலீற்றர் கலந்தால் ஏறத்தாழ 4 சதவீதம் வரும். பலருக்கு அங்கேயே நிற்பது போதும்.

வீட்டில் செய்யும்போது வரிசைதான் உயிர். முதலில் சல்பியூட்டமோல் பம்ப், அதன்பின் 10 முதல் 15 நிமிடம் காத்திருப்பு, அடுத்து உப்புநீர், உடனே சளி எடுக்கும் பயிற்சி, கடைசியாக ஸ்ரீரொயிட் பம்ப். நெபுலைசரில் அன்ரிபயோட்டிக்கும் இருந்தால் அதுவும் கடைசியில்தான். சளி மூடிய குழாயில் அந்த மருந்துகளைத் தெளிப்பது வீண். ஒரே கிண்ணத்தில் எல்லாவற்றையும் கலந்து நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

சாப்பிட்டவுடன் செய்தால் இருமலில் வாந்தி வரும், ஆகவே சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பிட்டு ஒன்றரை மணிநேரம் கழித்து. மாலை வேளையைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் இரவெல்லாம் இருமல்தான். 6 மணிபோல முடித்துவிடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குப்பியை முறித்து 4 மில்லிலீற்றரையும் கிண்ணத்தில் விடுங்கள். மாஸ்க் வேண்டாம், வாய்த்துண்டுதான் நல்லது. மாஸ்கில் ஒரு பகுதி மூக்கிலும் முகத்திலும் படும், கண் எரியும். நேராக உட்கார்ந்து, கிண்ணத்தைச் சரிக்காமல் பிடித்து, உதடுகளை இறுக்கி, சாதாரணமாக மூச்சு விட வேண்டும். நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை ஆழமாக இழுத்து இரண்டு மூன்று விநாடி நிறுத்தலாம். இருமல் வந்தால் வாய்த்துண்டை எடுத்துவிட்டு இருமி, துப்பிவிட்டுத் தொடரலாம். சளியை விழுங்க வேண்டாம். 10 முதல் 15 நிமிடத்தில் கிண்ணம் விட்டுவிட்டுச் சத்தம் போடும். ஒருமுறை தட்டிவிட்டு இன்னும் சிறிது நேரம் பிடித்தால் முடிந்தது. அடியில் சிறிது மிஞ்சும், அது இயல்பு. அதை அடுத்த வேளைக்கு வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள்.

இனித்தான் உண்மையான வேலை. இதை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) நேரில் ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது. ஆனாலும் எழுத்தில் சொன்னால் இப்படி. தோளைத் தளர்த்தி, வயிற்றில் கைவைத்து ஒரு நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள். பிறகு மூன்று நாலு ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றிலும் மூக்கால் மெதுவாக நெஞ்சு விரிய இழுத்து, 3 விநாடி நிறுத்தி, பெருமூச்சாக விட்டுவிட வேண்டும். நிறுத்தும் அந்த 3 விநாடியில்தான் அடைபட்ட சளிக்குப் பின்னால் காற்றுப் போய்ச் சேரும். திரும்ப அமைதி மூச்சு. அடுத்தது "ஹஃப்": வாயை வட்டமாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல், வயிற்றுத் தசையை இறுக்கி "ஹாஆ" என்று காற்றைத் தள்ளுவது. நடுத்தர அளவு மூச்சு இழுத்து நீளமாக ஊதினால் சிறு குழாய்களின் சளி நகரும். அது மேலே வந்து கரகரப்பது கேட்டால், முழுமூச்சு இழுத்துக் குட்டையாக வேகமாக ஒரு ஹஃப், பிறகு ஒரு இருமல், துப்பல். தொடர்ந்து இரண்டு ஹஃபில் சளி வராமல் போகும்வரை இந்தச் சுற்றை, சாதாரணமாக 10 முதல் 20 நிமிடம் செய்ய வேண்டும்.

பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் ஒன்று: ஹஃப் செய்யச் சொன்னால் தொண்டையை இறுக்கி முக்குவார்கள். அப்போது சத்தம் தொண்டையில் வரும், காற்று வராது. விரிந்த குழாய்கள் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு சளி அங்கேயே சிக்கும், முட்டும் வரும், தலைசுற்றும். ஹஃபுக்கு நடுவில் அமைதி மூச்சை விட்டுவிடுவதும் முட்டுக்குக் காரணம். சளி எந்தப் பக்கம் கூட என்று ஸ்கானைப் பார்த்து டொக்டர் சொன்னால், அந்தப் பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுத்துச் செய்யலாம். தலையைக் கீழே தொங்கவிடும் பழைய முறை நெஞ்செரிவு, பிரஷர் உள்ளவருக்கு வேண்டாம். சளியை ஒரு வெளிப்படையான பிளாஸ்ரிக் கோப்பையில் துப்பினால் அளவையும் நிறத்தையும் பார்க்கலாம். வழக்கமான வெள்ளை அல்லது இளமஞ்சள் கடும்பச்சையாகி அளவும் கூடினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

முதல் கிழமையில் தொண்டை கரகரக்கும், வாய் உப்புக் கரிக்கும், இருமல் கூடும். முடிந்ததும் வாய் கொப்பளித்து வெந்நீர் குடித்தால் போதும், பெரும்பாலும் பழகிவிடும். பழகாவிட்டால் செறிவைக் குறைக்கக் கேளுங்கள், வேளையைக் குறைக்காதீர்கள். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி சல்பியூட்டமோல் அடிக்க வேண்டும். பம்ப் அடித்தும் ஒவ்வொரு முறையும் இறுகினால், பம்ப் வெறுமையா, ஸ்பேசர் பாவித்தாரா, 10 நிமிடம் காத்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பிரசர் வகையே இதற்கு ஏற்றது. நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றுத் தள்ளும், 5 மைக்ரோனுக்குக் குறைந்த துளி தரும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். பெரிய துளிகள் தொண்டையோடு நின்றுவிடும். சத்தமில்லாத, கையடக்கமான மெஷ் வகைகளில் பலவற்றின் நுண்துளைகளை உப்பு அடைத்துவிடும். செறிந்த உப்புநீருக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். 12 நிமிடத்தில் முடிந்தது 25 நிமிடம் எடுத்தால் கிண்ணத்தின் ஊசித்துளையில் உப்புப் படிந்திருக்கும், அல்லது காற்று பில்டர் கறுத்திருக்கும், அல்லது ரியூப் தளர்ந்திருக்கும். துளையைக் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை பெருத்துத் துளியும் பெருத்துவிடும். வெந்நீரில் ஊறவைத்தால் உப்புக் கரையும். கடற்காற்று கம்பிரசரின் உள்ளுறுப்புகளையும் அரிக்கும். யன்னலோரத்தில் வைக்காமல், பாவித்தபின் துணி உறையால் மூடி வையுங்கள்.

கழுவுதல் ஒவ்வொரு தடவையும். கிண்ணத்தையும் வாய்த்துண்டையும் கழற்றி, சவர்க்காரம் போட்ட வெந்நீரில் கழுவி, அலசுங்கள். பிறகு நாளுக்கு ஒரு தடவையாவது கிருமி நீக்குங்கள். தயாரிப்பாளர் கொதிக்கவைக்கலாம் என்று சொன்ன கிண்ணம் என்றால் 5 நிமிடம் கொதிக்கும் நீரில். கொதிக்கவைக்கக் கூடாதது என்றால் 70 சதவீத ஐசோபுரப்பைல் அல்ககோலில் 5 நிமிடம், பிறகு கிருமியற்ற நீரில் அலசல். வினாகிரியை நம்ப வேண்டாம், அதற்கு இந்தக் கிருமிகள் அசையாது. சுத்தமான துணியில் விரித்து முழுதாக உலரவிடுங்கள். சாறம் நுனியால் துடைத்தால் கழுவியது வீண். மாரியில் உலர நேரமெடுக்கும், இரண்டு கிண்ணம் இருந்தால் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். ரியூபைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணமில்லாமல் கம்பிரசரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஒருவரின் கிண்ணத்தை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, அம்மாவுக்கு முட்டு என்றாலும்.

சளியில் இரத்தக் கீற்றுக் கண்டால் அன்று உப்புநீரை நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் சொல்லுங்கள். கீற்றாக இல்லாமல் இரத்தமாகவே வந்தால், அல்லது பம்ப் அடித்தும் மூச்சு அடங்காமல் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போனால், 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் வரும் பக்கம் எது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் போவதைத் தடுக்க அது உதவும்.

வாடைக்காலத்தில் கரண்ட் போனால் வேளையை முழுதாக விட்டுவிடத் தேவையில்லை. பம்பை அடித்து, ஒரு கோப்பை வெந்நீர் குடித்து, ஆழ்ந்த மூச்சும் ஹஃபும் வழக்கம்போலச் செய்யட்டும். கரண்ட் வந்தபின் இரண்டு வேளை உப்புநீரைச் சேர்த்து ஒரே தடவையில் பிடிக்க வேண்டாம்.